டின்னில் "ஒயிட் டூனா", உள்ளே வரிச்சூரை: நோட்டீஸ் என் கடைக்கு வந்திருக்கிறது

எல்லைக்கடை கேட்டது:

வணக்கம். களியக்காவிளைப் பக்கம் ரோட்டோரத்தில் மளிகைக்கடை வைத்திருக்கிறேன். மாமனார் காலத்துக் கடை. அவருக்கு அப்புறம் நானும் மகனும் பார்த்துக்கொள்கிறோம். கடை வாசலில் இருந்து நடந்தால் பத்து நிமிஷத்தில் கேரளம். வருகிறவர்களில் பாதிப் பேர் பாறசாலைப் பக்கத்துக்காரர்கள். அரிசி, வெங்காயம் வாங்க வருவார்கள், போகும்போது இரண்டு டின் மீனும் எடுத்துக்கொள்வார்கள்.

மீன் பிடிக்கிற ஊரில் டின் மீனை யார் வாங்குகிறார்கள் என்று வெளியூரில் கேட்பார்கள். ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை நம் மேற்குக் கடற்கரையில் விசைப்படகுக்குத் தடை. கேரளத்திலும் கிட்டத்தட்ட அதே நாட்களில் டிராலிங் கிடையாது. அந்த இரண்டு மாசமும் சந்தைக்கு வரத்துக் குறைவு, வருகிற சாளையும் அயிலையும் கை வைக்க முடியாத விலை. இன்னொன்று, எங்கள் பக்கம் வளைகுடாவுக்குப் போய் வந்தவர்கள் நிறைய. அங்கே குப்பூஸ் ரொட்டியோடு டூனா தின்று பழகியவர்கள் ஊருக்கு வந்த பிறகும் அதைத் தேடுகிறார்கள். மழைக்காலத்தில் என் கடையில் வாரத்துக்கு முப்பது டின்னாவது போகும்.

இந்தத் தடவை மே மாசக் கடைசியில் ஒரு புது டின் வந்தது. எல்லைக்கு அந்தப் பக்கத்து விநியோகஸ்தர் ஒருவர் கொண்டுவந்து இறக்கினார். நீல நிற டின், துள்ளுகிற மீன் படம். "பிரீமியம் ஒயிட் மீட் டூனா" என்று பெரிய எழுத்தில். அதற்குக் கீழே "சாலிட் பேக்". ஓரத்தில் தங்க நிற வட்டத்துக்குள் "ஏ கிரேடு, எக்ஸ்போர்ட் குவாலிட்டி". 185 கிராம், விலை 165 ரூபாய். பக்கத்திலேயே 130 ரூபாய் டின்னும் இருந்தது. ஆனாலும் "ஒயிட் டூனா உண்டோ சேச்சி?" என்று கேட்டு இதைத்தான் வாங்கினார்கள். கேட்காதவர்களுக்கு நானே எடுத்துக் காட்டினேன். "இது வெள்ளைக் கறி, முழுத் துண்டு, நல்ல சாதனம்" என்று என் வாயால் சொல்லித்தான் விற்றேன். அதுதான் இப்போது நெஞ்சில் கிடந்து அறுக்கிறது.

ஜூலை முதல் வாரம் உணவு பாதுகாப்பு அலுவலர் வந்தார். மரியாதையாகத்தான் பேசினார். அலமாரியில் இருந்து ஒரே பேட்ச் நம்பர் உள்ள நாலு டின்னை எடுத்தார், நாலுக்கும் பணம் கொடுத்தார், தாளில் சுற்றி, நூல் கட்டி, அரக்கு வைத்து, என்னிடம் கையெழுத்து வாங்கினார். அரக்கு உருகுகிற மணம் கடை முழுக்க. தெருவே வேடிக்கை பார்த்தது. சாயங்காலமே பேச்சு மாறிவிட்டது: "அந்தக் கடை டின்னில் ஃபார்மலின் பிடிச்சாங்களாம்." 2018 ஜூனில் வாளையாறிலும் ஆரியங்காவிலும் கேரள அதிகாரிகள், கெடாமல் இருக்க ஃபார்மலின் ரசாயனம் போட்ட மீனை டன் கணக்கில் பிடித்ததை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை. அதனால் மீன், அதிகாரி என்ற இரண்டு வார்த்தையும் சேர்ந்து காதில் விழுந்தாலே ஜனங்களுக்கு ஃபார்மலின்தான்.

போன வியாழக்கிழமை நோட்டீஸ் வந்தது. பாளையங்கோட்டை உணவுப் பகுப்பாய்வுக் கூடத்து அறிக்கை கூட இருக்கிறது. ஃபார்மலின் இல்லை, கெட்டுப்போன மீனும் இல்லை. "தப்புக்குறியீடு", அதாவது லேபிள் தப்பு என்று போட்டிருக்கிறது. முன்பக்கம் ஒயிட் மீட் என்று இருக்கிறதாம், பின்பக்கம் சேர்மானப் பட்டியலில் "கட்சுவோனஸ் பெலாமிஸ்" என்று இருக்கிறதாம். எண்ணெய் போக மீன் எவ்வளவு என்கிற வடித்த எடை போடவில்லையாம். தரம் பற்றிய வாசகத்துக்கு ஆதாரம் இல்லையாம்.

அந்தப் பெயரை நான் அதுவரைக்கும் படித்ததே கிடையாது. மகன் ஃபோனில் படம் எடுத்து, பெரிதாக்கித்தான் வாசித்தான். கடுகைவிடச் சின்ன எழுத்து, அதுவும் நீலத்தின் மேல் வெள்ளி நிறத்தில். தேடிப் பார்த்தால் நம் வரிச்சூரை, இங்கிலீஷில் ஸ்கிப்ஜாக்! எங்கள் சந்தையில் வயிற்றில் கோடு கோடாகக் கிடக்குமே, அதே மீன்.

அன்று ராத்திரி ஒரு டின்னை நானே திறந்து பார்த்தேன். தேயிலை வடிகட்டியில் கொட்டி, இரண்டு நிமிஷம் எண்ணெய் வடிய விட்டு, கடைத் தராசில் வைத்தேன். 185 கிராம் டின்னில் மீன் 108 கிராம். மீதி எண்ணெய். முழுத் துண்டு என்று சொல்லி விற்றேனே, தேங்காய்த் துருவல் மாதிரி இருந்தது. துருவலுக்கு நடுவே காப்பிப்பொடி நிறத்தில் கறுத்த சதை.

விநியோகஸ்தரைக் கூப்பிட்டேன். "லேபிள் அடிக்கிறது கம்பெனி, நாங்க கொண்டு வந்து இறக்குறவங்க மட்டும்தான், நோட்டீஸ் உங்க பேர்ல வந்திருக்கு, நீங்களே பார்த்துக்கோங்க" என்றார். டின்னில் இருக்கிற நம்பரைக் கூப்பிட்டால் மணி அடித்துக்கொண்டே இருக்கிறது.

அபராதம் மூன்று லட்சம் வரைக்கும் போகும் என்று நோட்டீஸைப் பார்த்த பக்கத்துக் கடை அண்ணாச்சி சொன்னார். என் கடையின் மொத்தச் சரக்கே அவ்வளவு வராது. லேபிளை நான் அடிக்கவில்லை. ஆனால் நான்தான் விற்றேன், அதை மறைக்கப் போவதில்லை. விற்றவளுக்கு எவ்வளவு பொறுப்பு, அடித்தவனுக்கு எவ்வளவு பொறுப்பு? அவர்களை எப்படி இதற்குள் கொண்டுவருவது? மீதி 41 டின் கடையில் இருக்கிறது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பாறசாலைப் பயணி எழுதியது:

பயப்படாதீங்க அக்கா. அறிக்கை கைக்கு வந்த நாளில் இருந்து 30 நாளுக்குள் மேல்முறையீடு போடலாம். போட்டால் மாதிரி வேறு ஆய்வுக்கூடத்துக்குப் போகும், அதற்குள் விஷயம் ஆறிவிடும். மீதி டின்னை விநியோகஸ்தரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கையில் சரக்கு இல்லை என்றால் பேச்சும் இல்லை. எப்போதும் சின்னக் கடைக்காரர்களைத்தான் பிடிக்கிறார்கள், பெரிய ஆட்கள் கண்ணில் படமாட்டார்கள்.

தூத்தூர்க்காரன் எழுதியது:

தங்கச்சி, மேலே எழுதியவர் நல்ல மனசோடுதான் சொல்லியிருக்கிறார், ஆனால் டின்னைத் திருப்பிக் கொடுத்துவிடாதே. சட்டம் தெரிந்தவர்கள் அதைப் பற்றிச் சொல்லட்டும். எனக்குத் தெரிந்தது டின்னுக்குள் இருக்கிறது. கேரளத்து அரூரில் மீன் பதன ஆலைகளில் 22 வருஷம் வேலை பார்த்தவன் நான்.

சூரை டின், அதாவது டூனா டின், எப்படி ஆகிறது என்று சொல்கிறேன், அப்புறம் நீ உன் டின்னைப் பார். குடல் எடுத்த மீனை முழுசாக ஆவியில் வேக வைப்போம். நன்றாக ஆறிய பிறகு மேசைக்கு வரும். மேசையில் பெண்கள் வரிசையாக நிற்பார்கள், பாதிப் பேர் நம் குமரிக்காரிகள். தோலைச் சுரண்டி, முள்ளை எடுத்து, ஒரு மீனை நாலு நீளத் துண்டாகப் பிரிப்பார்கள். ஒவ்வொரு துண்டிலும் நடுவோடு ஒரு கறுத்த சதை ஓடும். அதைக் கத்தி முனையால் வழித்து எடுத்தாக வேண்டும். அதில்தான் நேரம் போகும், கூலியும் போகும். வழித்த கறுப்பு நாய், பூனைத் தீனிக்குப் போய்விடும். மிச்சம் இருக்கிற வெளுத்த துண்டை டின் உயரத்துக்கு வெட்டி, நிற்கிற மாதிரி வைப்பார்கள். அதுதான் சாலிட். திறந்தால் வெட்டுவாய் தெரியும், மரத்தை அறுத்தது போல வளையம் வளையமாக இருக்கும், கரண்டியால் ஒரே துண்டாகத் தூக்கலாம். உடைந்தது சங்க் டின்னுக்குப் போகும். மேசையில் கிடக்கிற உதிரியைக் கூட்டி எடுத்தால் ஃப்ளேக். மூன்றுக்கும் மூன்று விலை, ஏனென்றால் மூன்றுக்கும் கைவேலை வேறு.

இதெல்லாம் ஆலைக்காரன் இஷ்டத்துக்கு வைத்த பெயர் என்று நினைக்காதே. கோடெக்ஸ் என்று சர்வதேச உணவுத் தர நெறி இருக்கிறது. டூனா டின்னுக்கு 1981-இல் போட்ட 70-ஆம் எண் நெறி. சாலிட் என்று எழுதினால் உதிரி 18 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. சங்க் என்றால் துண்டுகள் பெரும்பாலும் எந்தப் பக்கம் அளந்தாலும் 1.2 சென்டிமீட்டராவது இருக்க வேண்டும். ஒயிட் என்ற சொல்லை ஒரே ஒரு மீனுக்குத்தான் போடலாம். துன்னஸ் அலலுங்கா, இங்கிலீஷில் அல்பகோர் என்பார்கள். இந்த 22 வருஷத்தில் என் மேசைக்கு வந்தது வரிச்சூரை, கேரை, சூரை, சில நாள் எலிச்சூரை. அல்பகோர் ஒரு நாளும் வந்ததில்லை. உன் டின்னில் கறுத்த சதை கிடந்தது என்கிறாய். அப்படியென்றால் வழித்து எடுக்கிற கூலியையும் மிச்சம் பிடித்து, மேலே ஒயிட் என்றும் எழுதியிருக்கிறார்கள்.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும், இது எனக்கு ரொம்ப முக்கியம். வரிச்சூரை மட்டமான மீன் இல்லை. லட்சத்தீவில் மினிக்காய்க்காரர்கள் தூண்டில் போட்டு ஒவ்வொன்றாகப் பிடிப்பது இந்த மீனைத்தான், மாசிக் கருவாடு ஆவதும் இதுதான். எங்கள் ஊர்ப் பையன்கள் வாரக்கணக்காக ஆழ்கடலில் கிடந்து பிடித்துக் கொண்டுவருகிற மீன். அதன் பெயரை முன்பக்கம் எழுதி, நியாயமான விலைக்கு விற்றால் யார் வாங்கமாட்டார்கள்? அதற்கு வேறு மீனின் பெயரைச் சூட்டினால், வாங்கினவனையும் ஏமாற்றுகிறார்கள், பிடித்தவனின் மீனையும் கேவலப்படுத்துகிறார்கள்.

மேல்முறையீடு வேண்டாம். அறிக்கையில் இருப்பது உண்மை. நீயே வடித்து, எடை போட்டு, கண்ணால் பார்த்துவிட்டாய்.

குழித்துறை வக்கீல் எழுதியது:

அக்கா, தூத்தூர் அண்ணன் சொன்னதோடு ஒத்துப்போகிறேன். உணவு பாதுகாப்புச் சட்டத்தின் 46-வது பிரிவின்படி 30 நாளுக்குள் மாவட்ட உணவு பாதுகாப்பு நியமன அலுவலரிடம் மேல்முறையீடு செய்ய உங்களுக்கு உரிமை உண்டு, அது உண்மை. ஆனால் ஆய்வு தப்பு என்று சொல்லத்தான் அந்த வழி. உங்கள் விஷயத்தில் லேபிளின் முன்பக்கமும் பின்பக்கமும் ஒன்றோடொன்று முட்டுகின்றன. மறுபடி எந்தக் கூடத்துக்கு அனுப்பினாலும் அந்த இரண்டு வரியும் அப்படியேதான் இருக்கும்.

முதலில் மனசைத் தேற்றிக்கொள்ளுங்கள். 2006-ஆம் வருஷத்து உணவு பாதுகாப்புச் சட்டத்தில் பாதுகாப்பற்ற உணவு வேறு, தரம் குறைந்தது வேறு, தப்புக்குறியீடு வேறு. பாதுகாப்பற்றதற்குத்தான் 59-வது பிரிவில் சிறைத் தண்டனை இருக்கிறது. தப்புக்குறியீட்டுக்கு 52-வது பிரிவு, அபராதம் மட்டும். அண்ணாச்சி சொன்ன மூன்று லட்சம் அதன் உச்சவரம்பு, எல்லோருக்கும் அவ்வளவு போட வேண்டும் என்பதில்லை. முடிவு செய்கிறவர் நம் மாவட்டத்தில் மாவட்ட வருவாய் அலுவலர். என்ன தொகை என்று தீர்மானிக்கும்போது எவ்வளவு ஆதாயம் கிடைத்தது, யாருக்கு என்ன நஷ்டம், திரும்பத் திரும்ப நடந்ததா, தெரிந்து செய்ததா என்று பார்க்கச் சொல்கிறது 49-வது பிரிவு. முதல் தடவை, தெரியாமல் நடந்தது என்பதை ஆதாரத்தோடு காட்டினால் கணக்கில் எடுத்துக்கொள்வார்கள்.

இப்போது கசப்பான பகுதி. "நான் வெறும் கடைக்காரி" என்ற பதில் முழுசாக உதவாது. 27-வது பிரிவில் தயாரிப்பாளர், விநியோகஸ்தர், விற்பனையாளர் என்று மூன்று பேருக்கும் தனித்தனியாகப் பொறுப்பு எழுதியிருக்கிறது. தப்புக்குறியீட்டுச் சரக்கை விற்றதற்கு விற்பனையாளருக்கும் பொறுப்பு உண்டு. ஆனால் அதே பிரிவு விநியோகஸ்தரையும் விடவில்லை. "இறக்கிவிடுகிறவன் மட்டும்தான்" என்று அவர் உங்களிடம் சொன்னது சட்டத்தில் எங்கேயும் கிடையாது.

உங்களைக் காப்பாற்றப் போகிறது பில்தான் அக்கா. ஒருவர் இன்னொருவருக்கு உணவுப் பொருளை விற்கும்போது அதன் தன்மைக்கும் தரத்துக்கும் எழுத்தில் உத்தரவாதம் கொடுக்க வேண்டும் என்கிறது 26-வது பிரிவு. தனியாக உத்தரவாதப் பத்திரம் இல்லாவிட்டால் பில்லே அந்த உத்தரவாதம் ஆகிவிடும். அதைக் கையில் வைத்துக்கொண்டுதான் 80-வது பிரிவில் இருக்கிற தற்காப்பைக் கேட்க முடியும்: குற்றம் என் கட்டுப்பாட்டில் இல்லாத இன்னொருவருடைய செயலால் நடந்தது, எனக்கு முடிந்த கவனத்தை நான் எடுத்துக்கொண்டேன், சரக்குக் கொடுத்தவரின் சோதனையை நம்பியது நியாயம்தான் என்று.

ஆகவே டின்னைத் திருப்பிக் கொடுக்காதீர்கள். கொடுத்தால் அது அடுத்த வாரம் வேறு கடை அலமாரியில் உட்கார்ந்திருக்கும், உங்கள் கையில் ஆதாரமும் இருக்காது. 41 டின்னையும் எண்ணி, ஒரு பெட்டியில் போட்டு, "விற்பனைக்கு அல்ல" என்று எழுதி ஒட்டுங்கள். நியமன அலுவலருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள்: யாரிடம் வாங்கினேன், எந்தத் தேதி, எந்த பேட்ச், எத்தனை டின், எவ்வளவு மீதி. பில் நகலை இணையுங்கள். விநியோகஸ்தரையும் தயாரிப்பாளரையும் எதிர்தரப்பாகச் சேர்க்கும்படி கேளுங்கள். அவர்கள் கேரளத்தில் இருப்பது தடை ஆகாது. இது மத்தியச் சட்டம், சரக்கு விற்றது இங்கே. கடிதத்தின் இன்னொரு பிரதியில் முத்திரை போட்டு வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

டின்னில் 14 இலக்க உரிம எண் இருக்கும். கேரளத்து உரிமம் என்றால் 113 என்று தொடங்கும், தமிழ்நாடு 124, மத்திய உரிமம் 100. உணவு உரிமங்களுக்கான ஃபாஸ்காஸ் என்ற அரசு இணையதளத்தில் அந்த எண்ணைப் போட்டால் யாருடைய பெயர் என்று தெரிந்துவிடும். பல டின்னில் "சந்தைப்படுத்துபவர்" ஒருவர், "தயாரிப்பவர்" இன்னொருவர். இரண்டு பேரையும் குறித்துக்கொள்ளுங்கள். உரிம எண்ணும் அந்தச் சின்னமும் தரச்சான்று என்று ஜனங்கள் நினைக்கிறார்கள். அது தொழில் நடத்த உரிமம் இருக்கிறது என்பதற்கான எண், அவ்வளவுதான்.

"எக்ஸ்போர்ட் குவாலிட்டி" என்பதைப் பார்த்தால் எனக்கு ஆத்திரமாக வரும். மீன் ஏற்றுமதிக்கு 1963-ஆம் வருஷச் சட்டத்தின் கீழ் ஏற்றுமதி ஆய்வுக் குழு ஆலையை அங்கீகரிக்க வேண்டும், கப்பலேறுகிற சரக்குக்கு அந்தக் கட்டுப்பாடு. உங்கள் அலமாரிக்கு வருகிற டின்னுக்கு அப்படி ஒரு சான்று யாரும் கொடுப்பதில்லை. இதே மாதிரிதான் சில டின்னில் "ஃபிரெஷ்" என்று போடுவது. 2018-ஆம் வருஷ விளம்பர, உரிமைகோரல் ஒழுங்குமுறையில் அந்தச் சொல் கழுவி, வெட்டி, குளிரூட்டிய பொருளுக்குத்தான். நூறு டிகிரிக்கு மேல் வேக வைத்து அடைத்த மீனுக்குப் பொருந்தாது. "பிரீமியம்" பிராண்டுப் பெயரோடு ஒட்டிக்கொண்டு ஆளைக் குழப்பும் என்றால், இது வெறும் பிராண்டுப் பெயர்தான், பொருளின் உண்மைத் தன்மையைக் குறிக்காது என்று 3 மில்லிமீட்டர் எழுத்திலாவது போட வேண்டும். உங்கள் டின்னில் அது இருக்கிறதா என்று பாருங்கள், இல்லாவிட்டால் அதையும் கடிதத்தில் எழுதுங்கள்.

மீனின் பெயர் சின்ன விஷயம் என்று யாராவது சொன்னால் பெரு நாட்டுக் கதையைச் சொல்லுங்கள். ஐரோப்பாவில் ஒரே ஒரு இனத்தைத்தான் சார்டின் என்று டின்னில் எழுதலாம் என்று விதி வைத்திருந்தார்கள். எங்கள் கடல் மீனை "பெரு சார்டின்" என்று எழுத விடுங்கள் என்று பெரு உலக வர்த்தக அமைப்புக்குப் போனது. 2002-இல் பெருவுக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. எந்தக் கடல், எந்த இனம் என்று சேர்த்து எழுதினால் ஏமாற்று இல்லை என்பதுதான் அந்த வழக்கின் சாரம். நம் சாளையும் கோடெக்ஸ் பட்டியலில் இருக்கிறது.

முகாம் ரஞ்சி எழுதியது:

அக்கா, நான் இங்கே தமிழ்நாட்டில் இலங்கைத் தமிழர் முகாமில் இருக்கிறேன். எங்கட ஊரில் டின் மீன் இல்லாத வீடு இல்லை. மழை, ஊரடங்கு, கடலுக்குப் போகத் தடை, எந்த நாளென்றாலும் ஒரு டின் மீன், ரெண்டு வெங்காயம், பச்சை மிளகாய் இருந்தால் சோறு இறங்கிவிடும். அங்கே டின் மீனுக்கென்றே எஸ்.எல்.எஸ். 591 என்று இலங்கைத் தரநிலை இருக்குது. அம்மா டின்னை வாங்கினதும் முதலில் அந்த எஸ்.எல்.எஸ். அடையாளத்தைத்தான் பார்ப்பா. இங்கே வந்த பிறகு நாங்கள் எதைப் பார்த்து வாங்கிறது என்று தெரியாமல் கடைக்காரரின் வாயைப் பார்த்துத்தான் வாங்குறோம். நீங்கள் மறைக்காமல் எழுதினது பெரிய விஷயம்.

எல்லைக்கடை பதில்:

எல்லோருக்கும் நன்றி. பாறசாலைத் தம்பி, உங்கள் அக்கறை புரிகிறது, ஆனால் டின்னைத் திருப்பிக் கொடுக்க மனசு வரவில்லை. ரஞ்சி, "கடைக்காரரின் வாயைப் பார்த்து" என்று எழுதினீர்களே, அதை வாசித்த பிறகு அன்றைக்கு எனக்குத் தூக்கம் வரவில்லை.

என் கடைக்கு ஒரு டீச்சர் வருவார். அவருடைய அம்மாவுக்கு வயது எழுபதுக்கு மேல், பல் இல்லை, முள் எடுத்த மீன்தான் கொடுக்க முடியும். ஜூன் முழுக்க வாரத்துக்கு இரண்டு டின் வாங்கினார். விலை கூட என்று தயங்கியபோது, "டீச்சர், இது வெள்ளைக் கறி, அம்மாவுக்கு நல்லது" என்று சொன்னவள் நான். நேற்று அவர் வீட்டுக்கே போய், நோட்டீஸைக் காட்டி, எட்டு டின்னுக்கும் பணத்தை வைத்தேன். வாங்கமாட்டேன் என்றார். நான் விடவில்லை. கடைசியில், "அந்த மீனைத் தின்னதால அம்மாவுக்கு ஏதாவது வருமா?" என்று மட்டும் கேட்டார். அறிக்கையில் கெடுதல் இல்லை என்று இருக்கிற வரியை வாசித்துக் காட்டினேன். பயமாகத்தான் கேட்டார், கோபமாக இல்லை. அதைத்தான் தாங்க முடியவில்லை.

கடை வாசலில் சிலேட்டில் எழுதி வைத்துவிட்டேன்: "நீல டின் ஒயிட் டூனா உண்மையில் வரிச்சூரை. மீன் கெட்டதில்லை, பெயர் பொய். டின்னைக் கொண்டுவந்தால் பணம் திரும்பத் தருகிறேன்." மலையாளத்திலும் மகன் எழுதினான். இதுவரைக்கும் ஒன்பது டின் வந்திருக்கிறது, அதில் மூன்று காலி டின். அதையும் வாங்கிக்கொண்டேன். ஃபார்மலின் பேச்சு சிலேட்டைப் பார்த்த பிறகு குறைந்திருக்கிறது.

தூத்தூர் அண்ணே, நீங்கள் சொன்ன மாதிரி இன்னொரு டின்னைத் திறந்து கரண்டியால் தூக்கிப் பார்த்தேன். தூக்க ஒரு துண்டுகூட இல்லை. 130 ரூபாய் டின்னையும் திறந்தேன். அதில் "லைட் மீட் சங்க், ஸ்கிப்ஜாக்" என்று முன்பக்கமே எழுதியிருக்கிறது, வடித்த எடை 120 கிராம் என்றும் போட்டிருக்கிறது. வடித்துப் பார்த்தேன், 122 வந்தது. விரல் நுனி அளவுத் துண்டுகள், கறுப்பு ரொம்பக் கொஞ்சம். இவ்வளவு நாளும் நேர்மையான டின்னைக் கீழ்த்தட்டில் வைத்திருந்தேன் அண்ணே. இப்போது கண்ணுக்கு நேரே வைத்திருக்கிறேன். யாராவது கேட்டால் "வரிச்சூரை" என்றே சொல்கிறேன். "ஓ, நம்ம சூரயா!" என்று சந்தோஷமாகத்தான் வாங்குகிறார்கள்.

வக்கீல் தம்பி, ஒரு சிக்கல். நான் வாங்கினது மொத்தம் நாலு பெட்டி. மூன்று பெட்டிக்கு ஒழுங்கான பில் இருக்கிறது. நாலாவது பெட்டியை விநியோகஸ்தரின் ஆள் பைக்கில் கொண்டுவந்து, துண்டுச் சீட்டில் தொகை மட்டும் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். அவசரத்தில் நானும் கேட்கவில்லை. பில்லில் பேட்ச் நம்பரும் இல்லை. இது என்னைப் பிடித்துவிடுமா?

குழித்துறை வக்கீல் பதில்:

அலுவலர் எடுத்த நாலு டின் எந்தப் பெட்டியில் இருந்தது என்பதுதான் கேள்வி அக்கா. அட்டைப் பெட்டியின் மேலேயும் பேட்ச் நம்பர் அச்சடித்திருப்பார்கள். அலுவலர் உங்களிடம் விட்டுப்போன நோட்டீஸில், அதாவது படிவம் 5ஏ-வில், மாதிரி எடுத்த பேட்ச் நம்பர் இருக்கிறதா என்று பாருங்கள். பெட்டி இன்னும் இருக்கிறதா? பணம் வங்கி வழியாகவோ ஃபோன் வழியாகவோ போயிருந்தால் அந்தப் பதிவும் துணைக்கு வரும். துண்டுச் சீட்டையும் மறைக்க வேண்டாம். அது துண்டுச் சீட்டு என்றே எழுதிக் கொடுங்கள். விநியோகஸ்தர் பில் இல்லாமல் சரக்குப் போடுகிறார் என்பதற்கு அதுவே சாட்சி. டீச்சர் விருப்பப்பட்டால் அவரும் 1915 என்ற தேசிய நுகர்வோர் எண்ணில் லேபிளைப் பற்றித் தனியாகப் புகார் கொடுக்கலாம். உங்கள் மேல் இல்லை, லேபிள் அடித்தவர்கள் மேல். வாங்கினவர் பக்கத்தில் இருந்தும் ஒரு புகார் போவது நல்லது.

எல்லைக்கடை பதில்:

பெட்டியில் மூன்றைப் பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிட்டேன். ஒன்று மட்டும் அரிசி மூட்டைக்கு அடியில் ஈரம் ஏறாமல் இருக்க மடித்து வைத்திருந்தேன். இப்போதுதான் மகனும் நானும் மூட்டையைத் தூக்கி அதை உருவி எடுத்தோம். ஒரு மூலை நைந்திருக்கிறது, நம்பர் தெளிவாக இருக்கிறது. அலுவலர் எழுதிய பேட்சும் இதுவும் ஒன்றுதான். மே 28 பில்லோடு வந்த பெட்டி இது, பில் தொகையை மகன் ஃபோனில் அனுப்பிய பதிவும் அதே தேதியில் இருக்கிறது.

டீச்சரிடம் கேட்டேன், புகார் கொடுக்கிறேன் என்று சொல்லிவிட்டார். திங்கட்கிழமை காலையில் நாகர்கோவில் போகிறேன். கடிதம் இரண்டு பிரதி எழுதியாயிற்று. பெட்டியை மடிக்காமல் அப்படியே பஸ்ஸில் கொண்டுபோகலாம் என்று இருக்கிறேன்.